பழைய துணிக்கு விலைச்சீட்டு வேண்டும்

கல்யாண வரவேற்பு மேடையில் மாப்பிள்ளை போட்டிருக்கும் கோட் பல சமயம் அவருடையது அல்ல. சென்னை, மதுரை, கோவை என்று எந்த ஊரிலும் கோட்-சூட் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. போன முகூர்த்தத்தில் வேறொருவர் போட்டு நின்ற கோட்டைச் சலவை செய்து, இடுப்பில் பிடித்துத் தைத்து, பேன்ட் நீளத்தை மடித்துக் கொடுப்பார்கள். வாழ்நாளிலேயே அதிகம் படம் பிடிக்கப்படும் மாலைப்பொழுதில், முன்பின் தெரியாத பலர் உடுத்திய உடையில் ஒருவர் நிற்கிறார். அதை அவர் குடும்பத்தில் யாரும் குறையாக நினைப்பதில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுக்கும் பரதநாட்டிய உடையும், பட்டமளிப்பு விழாவில் அணியும் கறுப்பு அங்கியும் இப்படித்தான் கைமாறி வருகின்றன.

அதே வீட்டுப் பையன், யாரோ உடுத்திய நல்ல சட்டை ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கிவந்தேன் என்று சொல்லட்டும். “எவன் போட்டுக் கழிச்சதோ” என்று அம்மா முகம் சுளிப்பார். “நமக்கென்ன தலையெழுத்தா?” என்று அப்பா கேட்பார். சட்டையின் துணி, தையல், சுத்தம் எதுவும் அங்கே பேச்சுக்கே வராது.

அடுத்தவர் உடுத்திய துணி ஆகாது என்பது நம் மரபு என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றுவது வழக்கமில்லை. பாட்டியின் நூல்சேலையோ தாத்தாவின் வேட்டியோ, துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன ஒன்றைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தூளி கட்டுவதும் அதில்தான். கஞ்சியும் சாய நெடியும் முற்றாகப் போன துணியே பச்சைக் குழந்தையின் தோலுக்கு ஏற்றது என்பது தலைமுறைகளின் அனுபவம். கோயிலுக்குப் போனால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அம்மனுக்குச் சாத்திய புடவைகளை ஏலம் விடும் நாளில் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். எடுத்த புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் நல்ல காரியத்துக்கு உடுத்துகிறார்கள். ஒருமுறை சாத்தப்பட்டது என்பதாலேயே அந்தப் புடவைக்குக் கூடுதல் மதிப்பு.

ஆக, உடுத்திய துணி மீது நமக்கு வெறுப்பு கிடையாது. யார் கையிலிருந்து எந்த நிலையில் அது நம் கைக்கு வருகிறது என்பதுதான் உறுத்துகிறது. காசு கொடுத்து வாடகைக்கு எடுத்தால் உறுத்தல் இல்லை. அம்மனிடமிருந்து வந்தால் பேறு. ‘பழசு’ என்று சொல்லி ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்கிக்கொண்டால் மட்டும் அது இழிவாகிவிடுகிறது. பழைய துணியின் பயன்களைப் பேச வருகிறவர்கள் இந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். உலகம் முழுக்க ‘விண்டேஜ்’ என்று கொண்டாடும் உடை, நம் ஊரில் ஏன் கொல்லைப்புற வாசலிலேயே நின்றுவிட்டது?

கொல்லைப்புறத்து வரலாறு

மனுஸ்மிருதியின் 10ஆவது அத்தியாயம் சண்டாளருக்கு இறந்தவர்களின் துணியை விதிக்கிறது. சூத்திரருக்கு மேலோர் உண்டு மிஞ்சியதையும் உடுத்திக் கழித்ததையும் கொடுக்கச் சொல்கிறது. கழித்துக்கட்டிய துணியை உடுத்த வேண்டியவர்கள் இவர்கள் என்று நூலில் எழுதி வைத்த சமூகம் இது. 1927 டிசம்பர் 25 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் அந்த நூல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்டது. அங்கே கூடியிருந்த பெண்களிடம் அவர் பேசியவற்றில் உடையும் ஒன்று. சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டாதீர்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்று அவர் வலியுறுத்தினார். அம்பேத்கர் சிலைகளில் நாம் காணும் கோட்டுக்கும் கழுத்துப்பட்டைக்கும் இந்த வரலாற்றோடு நேரடித் தொடர்பு உண்டு.

நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில், மார்பை மறைத்துத் துணி போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல்தான் சமஸ்தானம் இறங்கி வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். ஒரு முழத் துணிக்காக இவ்வளவு நடந்த மண்ணில், தீபாவளிக்குக் கடனை வாங்கியாவது பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கும் தகப்பனை ஆடம்பரக்காரர் என்று சொல்ல எவருக்கும் தகுதி இல்லை. பண்ணையார் வீட்டுப் ‘பழசு’ கூலியின் ஒரு பகுதியாக வந்த காலத்தை அவருடைய அப்பா பார்த்திருப்பார். கடையில் விலை கேட்டு, பிரித்துப் பார்த்து, பிடித்ததை எடுத்து, மஞ்சள் தடவி உடுத்துவது அந்தக் குடும்பத்துக்கு விடுதலையின் அடையாளம்.

இதை அறியாமல் பேரிடர் தோறும் பழைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு லாரி லாரியாக வந்து இறங்கிய துணிகள் நாகப்பட்டினம் கரையோரச் சாலைகளில் குவிந்து கிடந்ததை அந்த நாட்களில் அங்கே போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிழிந்தவை, கறை படிந்தவை, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத வகை உடைகள். மழையில் நனைந்து, மண்ணில் மிதிபட்டுக் கிடந்தன. கடலில் உழைத்துச் சொந்தக் காசில் உடுத்தியவர்கள், எல்லாவற்றையும் இழந்த நாளிலும் அவற்றைத் தொடவில்லை. தங்களுக்கு ஆகாததைக் கழித்துக்கட்ட இன்னொருவரின் துயரத்தைப் பலர் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் இதுவே நடந்தது.

அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு இந்தச் சிக்கலைச் சரியாகப் பிடித்தது. நகரத்து வீடுகளில் திரட்டும் துணியை அவர்கள் தரம் பிரித்து, பழுது பார்க்கிறார்கள். கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான கிணற்றையோ பாதையையோ தாங்களே முடிவு செய்து உழைத்துக் கட்டுகிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி போகிறது. உடுத்த முடியாத பருத்தித் துணி, மாதவிடாய்க்கான சுத்தமான துணியாகத் தயாராகிறது. அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் அமைத்த ‘அன்புச் சுவர்’ இன்னொரு வழி: வைப்பவர் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் தேர்ந்து எடுத்துக்கொள்ளலாம், இருவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டுமே நல்லவை. ஆனாலும், பழைய துணி எளியவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை இவற்றால் மாற்ற முடியாது. வசதியுள்ளவர்கள் தாங்களே காசு கொடுத்து வாங்கி உடுத்தத் தொடங்கினால்தான் அது மாறும்.

பாத்திரக்காரரின் கண்

இதற்கான சந்தை நம்மிடம் இல்லாமல் இல்லை. “பழைய துணிக்குப் பாத்திரம்!” என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கூடையில் எவர்சில்வர் தூக்கும் டிபன் பாக்ஸும் மேலே மின்னும். அடியில் துணி மூட்டை. அந்தப் பேரம் ஒரு தேர்வு மாதிரி நடக்கும். நாலு சேலையும் இரண்டு பேன்ட்டும் எடுத்து வைத்தால், பாத்திரக்காரர் முதலில் சேலையை வெயிலுக்கு எதிரே பிடிப்பார். நூல் நைந்த இடம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பேன்ட்டைத் திருப்பி, இருக்கைப் பகுதியின் தையலை இரண்டு கையாலும் இழுப்பார். ஜிப்பை மேலும் கீழும் ஓட்டுவார். சட்டை காலரின் மடிப்பில் விரலை ஓட்டிவிட்டு, “இது போயிருச்சும்மா” என்று ஓரமாகத் தள்ளுவார். கடைசியில் இன்னொரு சேலை கொடுத்தால்தான் தூக்கு கிடைக்கும். துணியின் ஆயுளைக் கையால் கணிக்கும் அந்த அறிவு, இன்றைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து உடை வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அப்படிப் போன துணி பொத்தான் மாற்றி, கிழிசல் தைத்து, துவைத்துத் தேய்த்து வாரச்சந்தைக்கு வரும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றும் அத்தகைய கடைகளைப் பார்க்கலாம். டெல்லி ரகுபீர் நகரில் விடிவதற்கு முன்பே கூடும் பழந்துணிச் சந்தை இதைவிடப் பன்மடங்கு பெரியது. குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள், வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்துத் திரட்டிய துணியை அங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். குப்பைமேட்டுக்குப் போகாமல் இவ்வளவு துணியைக் காப்பாற்றும் இந்தப் பெண்களுக்கு, சுற்றுச்சூழல் பேசும் மேடைகள் எதிலும் இடம் கிடைத்ததில்லை. இந்தத் தொழிலின் அறிவு அவர்களிடம் இருக்கிறது. பழந்துணிக் கடைகள் நகரத்துக்கு வரும்போது அவர்களே அதன் முதல் பங்குதாரர்களாக இருக்க வேண்டும்.

பழைய துணியின் கவர்ச்சி விலையில் மட்டும் இல்லை. 30, 40 ஆண்டுகளுக்கு முன் தையல்காரரிடம் தைத்த சட்டை ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டுத் தையலில் விரல் அகலத்துக்குத் துணி விட்டிருப்பார். உடம்பு போட்டால் பிரித்து அகலப்படுத்தலாம். காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். இன்றைய ஆயத்த ஆடையில் ஓவர்லாக் தையலை ஒட்டித் துணியை வெட்டிவிடுகிறார்கள். அதைப் பிரித்தால் சேர்க்க எதுவும் மிஞ்சாது. அந்தக் காலத்துச் சட்டை பழுது பார்க்கப்படும் என்று எதிர்பார்த்துத் தைக்கப்பட்டது. அதனால்தான் இன்னமும் உடுத்த முடிகிறது.

பழையதாக ஆகத்தான் அழகு கூடும் துணிகளும் உண்டு. சென்னையின் பெயரைத் தாங்கி உலகம் சுற்றிய ‘மெட்ராஸ்’ கட்டம் அப்படிப்பட்டது. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன அந்தக் கைத்தறித் துணி ஒவ்வொரு சலவையிலும் சாயம் விட்டது. ஒரு நிறம் இன்னொன்றில் கலந்து, எந்த இரண்டு சட்டையும் ஒன்றுபோல இல்லாமல் ஆனது. வணிகர்கள் அதையே சிறப்பாகச் சொல்லி, சாயம் போவதற்கு உத்தரவாதம் தந்து விற்றார்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் கோட்டுகளையும் சட்டைகளையும் தேடி வாங்குகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் அதே காலத்துத் துணி இருந்தால் தரை துடைக்கப் போயிருக்கும்.

எரிக்கப்படும் பட்டு

இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துவது பட்டுப்புடவையின் கதைதான். “பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்” என்ற விளம்பரங்களை நாளிதழ்களிலும் சுவர்களிலும் பார்த்திருப்பீர்கள். வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதை யாருக்கும் உடுத்தக் கொடுப்பதில்லை. எரிக்கிறார்கள். காஞ்சிபுரத்தின் அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. கொளுத்தினால் பட்டு சாம்பலாகும். வெள்ளி மிஞ்சும். அதனால் வாங்குபவர் முந்தியைப் பிரித்து வடிவத்தைப் பார்க்க மாட்டார். ஜரிகையை உரசிப் பார்ப்பார்; எடை போடுவார்; கொஞ்சம் காசு கொடுப்பார். போலி ஜரிகை என்றால் அதுவும் இல்லை.

எரிந்துபோவது என்ன என்று யோசிக்க வேண்டும். பழைய காஞ்சிபுரம் புடவையில் கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக இருக்கும். அவை சேரும் இடத்தைக் கோர்வை என்பார்கள். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒன்று, மறுகரைக்கு ஒன்று என்று மூன்று நாடா ஓட, நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கை கொடுக்க, ஒவ்வொரு ஊடை இழையையும் பூட்டிப் பூட்டி நெய்தது அது. கோர்வைப் புடவையின் கரையைப் பிடித்து இழுத்தால் உடல் கிழியலாம், கரை விடாது என்று காஞ்சிபுரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ருத்ராட்சம், மயில்கண், வைரஊசி என்று நெசவு வடிவங்களுக்குப் பெயர் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உருவாக்கிய நீலத்துக்கு ‘எம்.எஸ். நீலம்’ என்றே பெயர் நிலைத்தது. வழக்கொழிந்த கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ரா நெசவுக்கூடத்தில் மீட்டெடுக்க முடிந்தது என்றால், அவற்றைத் தாங்கிய பழைய புடவைகள் எங்கோ பத்திரமாக இருந்ததால்தான். நெசவுக்குப் பாடநூல் புடவைதான். ஒவ்வொரு பழைய புடவை எரியும்போதும் அதில் மட்டுமே இருந்த ஒரு கணக்கு அழிந்துபோகிறது.

பெட்டியில் இருக்கும் புடவையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மடித்த மடிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்தால் பட்டு அந்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டையும் வாசனைத் திரவியமும் ஜரிகையைக் கறுக்க வைக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் போதும். உங்களுக்கு உடுத்த விருப்பமில்லை என்றால், எடை போடுகிறவரைக் கூப்பிடும் முன்பு உடுத்த ஆசைப்படும் ஒருவரைத் தேடுங்கள். பாட்டியின் கல்யாணப் புடவையைத் தன் கல்யாணத்தில் உடுத்தும் பெண்கள் இப்போது பெருகி வருகிறார்கள். பாட்டிக்குப் பட்டு வாய்க்காத வீட்டுப் பெண்களுக்கும் அந்த ஆசை இருக்கும். அவர்களுக்கு அதைச் சந்தைதான் கொண்டு சேர்க்க முடியும்.

இங்கேதான் 1935இல் தொடங்கி நெசவாளர் கூட்டுறவைக் கட்டிக் காத்துவரும் கோ-ஆப்டெக்ஸ் ஒரு பெரிய காரியம் செய்யலாம். பழைய பட்டையும் கைத்தறியையும் பரிசோதித்து, அசல் என்று சான்று கொடுத்து, நியாய விலைக்கு வாங்கி விற்க ஒரு பிரிவு தொடங்கினால், எரிப்புத் தொழில் தானாகச் சுருங்கும். நெசவாளர் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலை. ஆனால், நெசவாளரின் வயிற்றில் அடிப்பது பழைய கைத்தறிப் புடவை அல்ல. கைத்தறி என்ற பெயரில் விற்கப்படும் விசைத்தறிப் புடவை. நாளைக்கு விற்றாலும் விலை போகும் என்று தெரிந்தால்தான் நகை வாங்கத் துணிகிறோம். பட்டுக்கும் அந்த நம்பிக்கை வந்தால், அசலைத் தேடி வாங்குகிறவர்கள் கூடுவார்கள்.

நொய்யல் சொல்வது

புதுத்துணியின் விலை, கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலக இயற்கை நிதியம் பரவலாகச் சொல்லிவரும் கணக்கு. தமிழர்களுக்கு இந்தக் கணக்கைவிட நொய்யல் ஆறு நன்றாகப் புரியும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று விவசாயிகள் போராடிய கொடுமை இங்கேதான் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை நிலைபெற்றது. அதன் செலவைத் திருப்பூர் சுமக்கிறது. குறைந்த விலைக்கு அடித்துப் பேசும் வெளிநாட்டு நிறுவனங்கள் அதில் எவ்வளவு பங்கெடுக்கின்றன என்று கேட்க வேண்டும். நிலமும் நிலத்தடி நீரும் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

ஏற்கெனவே நூற்று, சாயமிட்டு, தைத்து முடித்த ஒரு சட்டை இன்னும் மூன்று ஆண்டுகள் உடுத்தப்பட்டால், அந்தத் தண்ணீரும் சாயமும் மறுபடி செலவாகவில்லை. பழைய உடையின் ஆகப்பெரிய பயன் இதுதான். இதற்கு நேர் எதிராக நாம் போகியன்று பழைய துணியைக் கொளுத்துகிறோம். நூல்துணி மட்டும் இருந்த காலத்தில் அது சாம்பலாகி மண்ணோடு போயிருக்கும். பாலியஸ்டர் எரிந்தால் கரும்புகையும் உருகிய பிளாஸ்டிக்கும்தான் மிச்சம். போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமான ஆண்டுகள் பல. பழைய துணியைத் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படையுங்கள் என்று மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. ஒப்படைத்த துணி எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் அது மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

பழைய துணி என்றாலே நல்லது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. கானா தலைநகர் அக்ராவின் கண்டமாண்டோ சந்தைக்கு வாரந்தோறும் சுமார் 1.5 கோடி பழைய உடைகள் மேற்கு நாடுகளிலிருந்து வந்து இறங்குவதாக அங்கே வேலை செய்யும் ஓர் அமைப்பு மதிப்பிடுகிறது. உடுத்த லாயக்கற்ற பங்கு கடற்கரையிலும் கால்வாய்களிலும் சேர்கிறது. 2025ஆம் ஆண்டு பிறந்த வேளையில் அந்தச் சந்தை பெருமளவு எரிந்துபோய் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் பிழைப்பை இழந்தார்கள். ருவாண்டா தன் உள்ளூர் ஜவுளித் தொழிலைக் காக்க 2016இல் பழைய துணிக்கு இறக்குமதி வரியைக் கடுமையாக உயர்த்தியது. பதிலுக்கு 2018இல் அமெரிக்கா, ருவாண்டா ஆடைகளுக்குத் தந்த வரிச்சலுகையை நிறுத்தியது. பணக்கார நாடுகள் கழித்த துணியை வாங்கிக்கொள் என்று ஏழை நாட்டைக் கட்டாயப்படுத்துவதும் கொல்லைப்புற வாசலில் பழசை நீட்டுவதும் ஒரே செயல்தான். உடுத்தும் நிலையிலுள்ள பழைய உடையின் இறக்குமதியை இந்தியா கட்டுப்படுத்தியிருப்பது சரி. வெட்டிச் சிதைத்த கந்தலாக வருவதை வைத்துத்தான் பானிபட் ஆலைகள் நிறம் நிறமாகப் பிரித்து, பிய்த்து, மறுபடி நூற்றுக் கம்பளி நெய்கின்றன. திருப்பூர்க் கட்டிங் வேஸ்ட்டையும் நம் ஓ.இ. (ஓபன்-எண்ட்) நூற்பு மில்கள் இப்படியே நூலாக்குகின்றன. துறைமுகத்தைத் திறந்துவிட வேண்டிய தேவை நமக்கு இல்லை. நம் பீரோக்களைத் திறந்தாலே போதும்.

சுத்தம் பற்றிய அச்சத்துக்குப் பதில் சுலபம். சொறிசிரங்கை உண்டாக்கும் பூச்சி மனித உடலை விட்டு வெளியே இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர் வாழாது. வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, சூடாகத் தேய்த்தால் சட்டை சேலைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. உள்ளாடைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். ஓட்டல் அறையில் விரித்திருக்கும் படுக்கை விரிப்பில் கூச்சமின்றிப் படுக்கிறோம்; அதைவிட இது பாதுகாப்பானது.

இழிவு பற்றிய அச்சத்துக்கும் பதில் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பற்றாக்குறைக் காலத்தில், 1940களின் இறுதியில், பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு தன் முதல் கடையைத் திறந்தது. தானமாக வந்த பொருளை அப்படியே இன்னொருவருக்குத் தானம் செய்யாமல், துவைத்து, அடுக்கி, விலை குறித்து விற்றார்கள். வந்த பணம் நிவாரணத்துக்குப் போனது. இன்று பிரிட்டனில் எந்தக் கடைவீதியிலும் அத்தகைய கடை உண்டு. பேராசிரியரும் வாங்குகிறார், மாணவரும் வாங்குகிறார், ஓய்வூதியக்காரரும் வாங்குகிறார். யார் எதற்காக வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. விலைச்சீட்டும், கண்ணாடி வைத்த போட்டுப் பார்க்கும் அறையும், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகும் உரிமையும் சேர்ந்து அந்தத் துணியைப் பிச்சையிலிருந்து பிரித்துவிட்டன. பழைய பொருள் வணிகர்கள் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி கட்டும் வசதி நம் ஜிஎஸ்டி விதிகளிலேயே இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும், பாத்திரக்காரர்களின் பிள்ளைகளும் இத்தகைய கடைகளைத் திறக்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. உள்ளாட்சி அமைப்புகள் ஊருக்கு ஒரு கடையை நல்ல இடத்தில் குறைந்த வாடகைக்கு ஒதுக்கட்டும்.

உடனடியாகத் தொடங்க எளிதான இடம் பள்ளிக்கூடம். தமிழக அரசு சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை தருகிறது. தனியார் பள்ளிப் பெற்றோர் ஜூன் மாதம் பிறந்தால் சீருடைக்கும் பிளேசருக்கும் ஷூவுக்கும் ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. வளரும் பிள்ளை ஓராண்டில் அதைத் தாண்டிவிடும். சட்டை பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். இங்கிலாந்தில் 2021இல் நிறைவேறிய பள்ளிச் சீருடைச் செலவுச் சட்டத்தின்படி வகுத்த வழிகாட்டுதல், உடுத்திய சீருடை பெற்றோருக்குக் கிடைக்கப் பள்ளிகளே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நம் பள்ளிக் கல்வித் துறையும் தனியார் பள்ளிகளுக்கு அப்படி ஓர் உத்தரவு போடலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆண்டுத் தேர்வு முடியும் வாரத்தில், சின்னதாகிப்போன சீருடையைத் துவைத்துத் தேய்த்துப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். பெற்றோர் சங்கம் அளவு வாரியாக அடுக்கி, எல்லாருக்கும் ஒரே சிறு விலை வைத்து விற்கட்டும். வசதியான பெற்றோர் முதல் ஆளாக வரிசையில் நின்று தங்கள் பிள்ளைக்கு அதை வாங்க வேண்டும். அப்போதுதான் வாங்கிப்போகும் மற்ற பிள்ளைகளை நோக்கி யாரும் விரல் நீட்ட மாட்டார்கள்.